பின் பிரேக் ஒழுங்காப் பிடிக்குதா? பழைய பைக்கின் காலிப்பரைக் கவனிங்க!

தை முதல் பங்குனி வரை சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமச் சாலைகளில் பைக் ஓட்டியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. சாலையின் ஒரு பக்கம் முழுக்க நெல் காய்கிறது. கொஞ்ச தூரம் தள்ளி, உளுந்துச் செடியைப் பரப்பி, போகிற வருகிற வண்டிகளை அதன்மேல் ஏறவிட்டுக் காயடிக்கிறார்கள். இன்னொரு இடத்தில் வைக்கோல் சிதறிக் கிடக்கிறது. இவற்றின்மேல் போகும்போது முன் பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரம் வழுக்கும். ஆளும் வண்டியும் தரையில்தான் கிடக்க வேண்டும். அனுபவப்பட்ட விவசாயியின் கால் அந்த நேரத்தில் தானாகப் பின் பிரேக் பெடலுக்குத்தான் போகும்.

அந்தப் பெடலை மிதிக்கும்போது பிரேக் பிடிக்காவிட்டால்?

பயிருக்குப் பூச்சி வந்தால் உடனே கவனிக்கும் நாம், தினமும் உயிரை நம்பி ஏறும் வண்டியின் பிரேக்கைப் 'பிடிக்கிற வரைக்கும் பிடிக்கட்டும்' என்று விட்டுவிடுகிறோம். பின் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள பழைய பைக்குகளில் தேய்ந்துபோகும் காலிப்பர் பாகங்களை எப்படிக் கண்டுபிடிப்பது, எதை மாற்றுவது, எதைச் சுத்தம் செய்து மீட்பது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

எந்த வண்டிக்கு இது பொருந்தும்?

கிராமங்களில் ஓடும் 100 சிசி வண்டிகள், மொபெட்டுகள் பெரும்பாலானவற்றில் பின்சக்கரத்தில் டிரம் பிரேக்தான். அவற்றுக்குக் காலிப்பர் கிடையாது. ஆனால், 2007-ல் வந்த பஜாஜ் பல்சர் 220, 2008-ல் வந்த யமஹா ஆர்15, 2012-ல் வந்த ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 500 போன்ற வண்டிகளில் பின்சக்கரத்திலும் டிஸ்க் உண்டு. வாங்கியபோது இளைஞர்களின் கனவு வண்டியாக இருந்தவை, இன்று செகண்ட் ஹேண்டில் கைமாறி, உர மூட்டையும் பால் கேனும் சுமக்கும் வண்டிகளாகிவிட்டன. இன்ஜின் நன்றாக இருக்கும். பிரேக் பாகங்கள்தான் முதலில் சோர்ந்து போயிருக்கும்.

பாரம் ஏற்றும் விவசாயிக்குப் பின் பிரேக் கூடுதல் முக்கியம். தனியாக ஒருவர் ஓட்டும்போது, நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியை முன் பிரேக் செய்கிறது. பின்னால் ஆளோ மூட்டையோ ஏறும்போது எடை பின்சக்கரத்தின்மேல் இறங்குகிறது. பின் பிரேக்கின் பங்கும் கூடுகிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் சுமார் 14 மீட்டர் ஓடிவிடும். பிரேக் ஒரு விநாடி தாமதமாகப் பிடித்தால், அது ஒரு லாரியின் நீளத்தைவிட அதிகம்.

காலிப்பருக்குள் என்ன இருக்கிறது?

டிராக்டரின் ஹைட்ராலிக் லிஃப்ட் எப்படி வேலை செய்கிறதோ, அதே தத்துவம்தான். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள சிறிய பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளும். அந்த அழுத்தம் ஹோஸ் வழியாகக் காலிப்பருக்கு வந்து, அங்குள்ள பெரிய பிஸ்டனைத் தள்ளும். மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் 13 மி.மீ., காலிப்பர் பிஸ்டன் 32 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டால், விசை சுமார் 6 மடங்காகும்.

பழைய பைக்குகளின் பின் காலிப்பர்களில் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும்தான் பிஸ்டன் இருக்கும். அது தன் பக்கப் பேடைத் தள்ளி டிஸ்க்கில் அழுத்தும். அதன் எதிர்விசையில் காலிப்பர் உடம்பே நகர்ந்து வந்து எதிர்ப்பக்கப் பேடையும் டிஸ்க்கோடு சேர்த்து இறுக்கும். காலிப்பர் இப்படி நகர்வதற்காக இரண்டு ஸ்லைடு பின்கள் இருக்கின்றன. இந்தப் பின்கள் துருப்பிடித்து இறுகினால், பாதி பிரேக் போன மாதிரிதான்.

இன்னொரு முக்கியமான பாகம், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல். ஆயில் வெளியே வராமல் தடுப்பது மட்டும் இதன் வேலை அல்ல. பிஸ்டன் வெளியே வரும்போது சதுர முனை கொண்ட இந்தச் சீல் லேசாக முறுக்கிக்கொள்ளும். பெடலை விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பும்போது பிஸ்டனையும் மயிரிழை அளவு பின்னால் இழுத்துவிடும். டிஸ்க் பிரேக்கில் பேடைப் பின்னுக்கு இழுக்கத் தனி ஸ்பிரிங் கிடையாது; இந்தச் சீல்தான் அந்த வேலையைச் செய்கிறது. கைத்தெளிப்பான் வாஷர் விறைத்துப்போனால் பம்ப் எப்படி மக்கர் செய்யுமோ, அதேபோல இந்தச் சீல் விறைத்துப்போனால் பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும்.

கடலோரத்தில் ஏன் சீக்கிரம் கெடுகிறது?

கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை, கிள்ளை, பிச்சாவரம் பகுதிகளில் உப்புக்காற்று ஆண்டு முழுவதும் வீசுகிறது. இறால் பண்ணைகளுக்குப் போய்வரும் வண்டிகளில் உப்புத் தண்ணீரே தெறிக்கிறது. காலிப்பர் உடம்பு அலுமினியம். பிஸ்டனும் பின்களும் பெரும்பாலும் எஃகு. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் பட்டால் அரிப்பு வேகமாக நடக்கும். அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். எஃகில் செந்துரு ஏறும்.

அடுத்தது உரம். பொட்டாஷ் என்று நாம் வாங்கும் மியூரேட் ஆஃப் பொட்டாஷ், பொட்டாசியம் குளோரைடு. இதுவும் ஒருவகை உப்புதான். மூட்டை ஓட்டையிலிருந்து சிந்தும் உரம் பின் காலிப்பர்மேல் விழுந்து, பனியில் கரைந்து, உலோகத்தை அரிக்கும். பின் காலிப்பர் இருக்கும் இடமும் அப்படி: செயின் தெறிக்கும் எண்ணெய், டயர் அடிக்கும் சேறு, மேலிருந்து விழும் உரம் என எல்லாம் அங்கேதான் சேரும்.

மூன்றாவது, வெள்ளம். 2011 டிசம்பர் 30-ம் தேதி கரையைக் கடந்த தானே புயல், 2015 நவம்பர் மழை, 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலும் அதைத் தொடர்ந்த தென்பெண்ணை வெள்ளமும் என இந்த மாவட்டம் தண்ணீரில் மூழ்காத பத்தாண்டே இல்லை. மூழ்கிய வண்டியை இன்ஜின் ஆயில் மாற்றி, கார்புரேட்டர் துடைத்து ஓட்டத் தொடங்குகிறார்கள். காலிப்பரை யாரும் நினைப்பதில்லை. பின்களின் ரப்பர் உறைக்குள் புகுந்த சேற்றுநீர் அங்கேயே தங்கி, சில மாதங்களில் பின்னை இறுக்கிவிடும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய 7 சோதனைகள்

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. சக்கரச் சுற்று: பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பெடலை ஒருமுறை மிதித்து விட்டுவிட்டு மீண்டும் சுற்றுங்கள். முதலில் சுற்றியதுபோலவே சுற்ற வேண்டும். மிதித்த பிறகு இறுகி நின்றால், பிஸ்டனோ பின்னோ திரும்பவில்லை.

2. தண்ணீர்ச் சொட்டு: பின் பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, டிஸ்க்கின்மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். 'சுர்'ரென்று பொரிந்தால் பேடு உரசிக்கொண்டே வந்திருக்கிறது. கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம்; தோல் வெந்துவிடும்.

3. பேடு தடிமன்: டார்ச் அடித்துப் பாருங்கள். உராய்வுப் பகுதி 2 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டிய நேரம். சில பேடுகளில் தேய்மானக் கோடு ஒரு பள்ளமாக இருக்கும். அது மறைந்துவிட்டாலும் மாற்ற வேண்டும். இரும்புத் தகடே டிஸ்க்கில் உரசினால் 'கிர்' என்ற சத்தம் வரும். அந்த நிலைக்குப் போனால் டிஸ்க்கும் சேர்ந்து போய்விடும்.

4. இரு பேடுகளின் ஒப்பீடு: உள் பேடும் வெளிப் பேடும் ஏறக்குறைய ஒரே அளவில் தேய்ந்திருக்க வேண்டும். பிஸ்டன் பக்கப் பேடு மட்டும் மிக அதிகமாகத் தேய்ந்திருந்தால், ஸ்லைடு பின்கள் இறுகியிருக்கின்றன என்று அர்த்தம். ஒரே பேடு ஒரு முனையில் மட்டும் ஆப்புபோலச் சரிந்து தேய்ந்திருந்தாலும் பின்னையும் பிராக்கெட்டையும் சந்தேகப்படுங்கள்.

5. காலிப்பர் ஆட்டம்: காலிப்பரைக் கையால் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் லேசாக நகர்ந்தால் நல்லது. மேலும் கீழுமாக 'டக் டக்' என்று ஆடினால், பின்னோ அது நுழையும் துளையோ தேய்ந்துவிட்டது.

6. பெடல் உணர்வு: மெத்தென்று பஞ்சுபோல இறங்கினால் உள்ளே காற்று. அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்ல கீழே போனால் கசிவு இருக்கிறது அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல் தேய்ந்துவிட்டது. கல்போலக் கெட்டியாக இருந்தும் பிரேக் பிடிக்காவிட்டால், பிஸ்டன் இறுகியிருக்கலாம். அல்லது பேடில் எண்ணெய் ஏறியிருக்கலாம்.

7. ஆயில் நிறம்: புதிய பிரேக் ஆயில் தேன்போல வெளிறிய நிறத்தில் இருக்கும். காபி டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். மட்டம் அடிக்கடி குறைந்தால் கசிவையோ பேடு தேய்மானத்தையோ தேடுங்கள். வெறுமனே ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடக் கூடாது.

சக்கரம் இறுகிவிட்டால் எங்கே கோளாறு?

பின்சக்கரம் முழுதாக இறுகிச் சுற்றவே மறுக்கிறது. கோளாறு காலிப்பரிலா, மாஸ்டர் சிலிண்டரிலா? இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. காலிப்பரின் நிப்பிளில் ஒரு சின்ன குழாயைச் செருகி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சியடித்து, சக்கரம் உடனே விடுபட்டால், அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் உள்ளே அடைபட்டிருக்கிறது. அப்போது மாஸ்டர் சிலிண்டரையோ உள்பக்கம் ஊதிப்போன ஹோஸையோ பார்க்க வேண்டும். நிப்பிளைத் திறந்த பிறகும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால், கோளாறு காலிப்பரின் பிஸ்டனிலோ பின்களிலோதான்.

மாஸ்டர் சிலிண்டரில் அழுத்தம் அடைபட, பல நேரம் பாகம் எதுவும் தேய்ந்திருக்க வேண்டியதில்லை. பெடலைக் கொஞ்சமும் ஃப்ரீ பிளே இல்லாமல் இறுக்கமாக அட்ஜஸ்ட் செய்திருப்பார்கள். மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பிப் போக ஊசித்துளை அளவில் ஒரு வழி உண்டு. பெடல் முழுதாகத் திரும்பாவிட்டால் அந்தத் துளை மூடியே இருக்கும். ஓட ஓட ஆயில் சூடாகி விரியும்; போக வழியில்லாமல் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். செலவே இல்லாமல் தீரும் கோளாறு இது.

எதை மாற்றணும்? எதைக் காப்பாற்றலாம்?

பேடு: தேய்ந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். எண்ணெய் ஊறிய பேடைத் தேய்த்தோ கொளுத்தியோ மீட்க முயல வேண்டாம்.

சீலும் டஸ்ட் சீலும்: பிஸ்டனைக் கழற்றினாலே இரண்டையும் புதிதாகப் போடுங்கள். பழையதைத் திரும்பப் போடுவது கூலியை இரண்டு முறை கொடுப்பதற்குச் சமம்.

பிஸ்டன்: இதுதான் முக்கியமான முடிவு. காலிப்பரில் சீல் நகர்வதில்லை. பிஸ்டன்தான் சீலின்மேல் நகர்கிறது. அதனால் பிஸ்டனின் மேற்பரப்பு கண்ணாடிபோல இருக்க வேண்டும். சீல் தொடும் பகுதியில் நகத்தால் தடவினால் குழி தட்டுப்பட்டால், அல்லது குரோம் உரிந்திருந்தால் பிஸ்டனை மாற்றியே ஆக வேண்டும். எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் அந்தக் குழி அதை அறுத்துவிடும்.

காலிப்பர் உடம்பு: இதற்கு நேர்மாறு. சிலிண்டரின் உள்சுவரில் லேசான கறையோ மெல்லிய கீறலோ இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. சீல் உட்காரும் பள்ளம் மட்டும் சுத்தமாக, அரிப்பில்லாமல் இருந்தால் போதும். 'உள்ளே கறை இருக்கிறது, முழு காலிப்பரும் மாற்றணும்' என்று சொன்னால், எந்த இடத்தில் என்று கேட்டுப் பாருங்கள். மாஸ்டர் சிலிண்டர் கதை வேறு. அங்கே சீல் சுவரில் உரசி நகர்வதால், சுவரில் கீறல் விழுந்தால் அதைக் காப்பாற்ற முடியாது.

ஸ்லைடு பின், ரப்பர் உறை: துருவைத் துடைத்த பிறகு பின் வழவழப்பாக இருந்தால் பயன்படுத்தலாம். பள்ளமோ படியோ விழுந்திருந்தால் புதிது போடுங்கள். கிழிந்த ரப்பர் உறையை விட்டுவைத்தால், செய்த வேலை எல்லாம் அடுத்த மழைக்குள் வீண்.

பேடு பின், பேடு ஸ்பிரிங்: பேடு தொங்கும் பின்னில் பள்ளம் விழுந்தால் பேடு அதில் மாட்டிக்கொண்டு நகராது. விலை குறைந்த பாகம், யோசிக்காமல் மாற்றலாம்.

டிஸ்க்: குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்பது டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போனாலோ, வெடிப்புத் தெரிந்தாலோ மாற்ற வேண்டியதுதான். லேத்தில் கொடுத்துச் சீவுவது ஏற்கெனவே மெலிந்த டிஸ்க்கை இன்னும் மெலிய வைக்கும்.

செலவுக் கணக்கும் இதில் அடங்கும். பேடு, சீல் கிட், பின் எல்லாம் பொதுவாகச் சில நூறு ரூபாய் வேலை. முழு காலிப்பர் ஆயிரக்கணக்கில் போகும். முதலில் சொன்னவற்றை நேரத்தோடு மாற்றினால் இரண்டாவதற்குப் போக வேண்டியிருக்காது.

பிரித்துச் சுத்தம் செய்யும் முறை

ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் இதை மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது. ஆனாலும், என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தால் கேட்டு வாங்கலாம்.

முதலில் சோப்புத் தண்ணீரால் வெளிச்சேற்றைக் கழுவ வேண்டும். பேடு பின்னை, காலிப்பர் வண்டியில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திக்கொள்ள வேண்டும். கழற்றிய பிறகு கையில் பிடித்துத் தளர்த்துவது சிரமம். பிறகு காலிப்பரை இறக்கி, பேடுகளை எடுத்துவிட்டு, எதிரில் ஒரு மரத்துண்டை வைத்துப் பெடலை மெதுவாக மிதித்தால், பிஸ்டன் தானாக வெளியே வரும். இறுகிய பிஸ்டனை வெளியே தள்ள இந்த ஆயில் அழுத்தமே சிறந்த கருவி. பிளையரால் பிடித்துத் திருகினால் பிஸ்டன் மேற்பரப்பு போய்விடும். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் காற்றால் தள்ளுபவர்கள், எதிரில் விரல் வைக்கவே கூடாது. பிஸ்டன் குண்டுபோலத் தெறிக்கும்.

சீலை எடுக்க ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். கூராகச் சீவிய மூங்கில் குச்சி போதும். பள்ளத்தில் கீறல் விழாது. சீலை எடுத்ததும் அந்தப் பள்ளத்துக்குள் பாருங்கள். கெட்டியான வெள்ளை அல்லது பழுப்புப் படிவம் இருக்கும். சீலுக்குப் பின்னால் சேரும் இந்தப் படிவம்தான் சீலை வெளியே தள்ளி, பிஸ்டனைக் கவ்விப் பிடிக்கச் செய்கிறது. பிஸ்டன், சீல் எல்லாம் புதிதாகப் போட்டும் பிரேக் இறுகுகிறது என்றால், பெரும்பாலும் இந்தப் பள்ளத்தை யாரும் சுத்தம் செய்திருக்க மாட்டார்கள். பொறுமையாகச் சுரண்டி எடுத்து, புதிய பிரேக் ஆயிலால் கழுவ வேண்டும்.

புதிய சீலைப் புதிய பிரேக் ஆயிலில் நனைத்துப் பொருத்தி, பிஸ்டனை விரலால் நேராக அழுத்தினால் உள்ளே போக வேண்டும். சுத்தியலுக்கு இங்கே வேலை இல்லை. ஸ்லைடு பின்களுக்கு ரப்பரைப் பாதிக்காத சிலிக்கான் கிரீஸ் கொஞ்சமாகத் தடவ வேண்டும். வீட்டில் இருக்கும் சாதாரண கிரீஸைத் தடவினால் ரப்பர் ஊதி, பின் மீண்டும் இறுகும். ஹோஸ் போல்ட்டின் இரு பக்கச் செம்பு வாஷர்களையும் புதிதாகப் போட வேண்டும்.

ஏர் எடுப்பது: ஃபுட் வால்வு பாடம்

மோட்டார் ஏர் வாங்கினால் தண்ணீர் ஏறாது என்பது எல்லா விவசாயிக்கும் தெரியும். பிரேக்கும் அப்படியே. ஆயில் சுருங்காது, காற்று சுருங்கும். ஹோஸுக்குள் ஒரு குமிழி இருந்தாலும், கால் கொடுக்கும் அழுத்தம் அதைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும்.

ஆயில் டப்பாவை நிரப்பி, நிப்பிளில் குழாய் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க வையுங்கள். ஒருவர் பெடலை மெதுவாக மூன்று நான்கு முறை மிதித்து, அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் நிப்பிளைத் திறந்து, ஆயிலும் குமிழியும் வெளியேறியதும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். குமிழி நிற்கும் வரை இதைத் தொடர வேண்டும். நடுவில் டப்பா காலியாகிவிட்டால், முதலிலிருந்து தொடங்க வேண்டும். காற்று மேலே போகும் என்பதால் நிப்பிள் காலிப்பரின் மேல்முனையில் இருக்க வேண்டும். சில வண்டிகளில் காலிப்பரைக் கழற்றி, பேடுகளுக்கு நடுவே மரத்துண்டு வைத்து, உயர்த்திப் பிடித்தால்தான் கடைசிக் குமிழியும் வரும்.

எந்த ஆயில் என்பது டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும். பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். சுமார் 3.7 சதவிகிதம் தண்ணீர் சேர்ந்தால் அது 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். கொதித்தால் ஆவி, ஆவி வந்தால் பெடல் பொத்தென்று போய்விடும். அதனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். உடைத்து வைத்த பழைய பாட்டிலை ஊற்ற வேண்டாம். இந்த ஆயில் பெயின்ட்டைக் கரைக்கும். சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்தும் முன், பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதியுங்கள். இதை மறந்து கிளம்பினால் முதல் பிரேக் பிடிக்காது. புதிய பேடு பழக, காலியான சாலையில் மிதமான வேகத்தில் இருபது முப்பது முறை மெதுவாகப் பிரேக் போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் மூட்டை ஏற்ற வேண்டும்.

செய்யவே கூடாதவை

* பிரேக் ஆயிலுக்குப் பதில் இன்ஜின் ஆயில், ஹைட்ராலிக் ஆயில் ஊற்றுவது. சீல்கள் ஊதிப்போகும், மாஸ்டர் சிலிண்டர் முதல் காலிப்பர் வரை எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டியிருக்கும்.
* பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெயால் சீலையும் பேடையும் கழுவுவது.
* தேய்ந்த பேடுக்குப் பின்னால் தகடு வைத்து ஒப்பேற்றுவது.
* கசியும் ஹோஸை மடக்கிக் கட்டிவிட்டு, முன் பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டுவது.
* செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது டிஸ்க்கை மூடாமல் அடிப்பது.

15 வயதைத் தாண்டும் வண்டிகளுக்கு...

சொந்தப் பயன்பாட்டு இருசக்கர வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 25-ல் விண்ணப்பித்து, வண்டியை ஆய்வுக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்த பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். 2007 முதல் 2010 வரை வாங்கிய வண்டிகள் அந்த வயதைத் தாண்டிவிட்டன. ஆய்வில் பிரேக்கும் பார்க்கப்படும். ஆய்வுக்கு முதல் நாள் அவசரமாகப் பேடு மாற்றுவதைவிட, ஒரு மாதம் முன்பே காலிப்பரைப் பிரித்துச் சரிசெய்வது நல்லது.

அடிக்கடி எழும் சந்தேகங்கள்

கேள்வி: பழைய மாடலுக்குப் புது பிஸ்டன் கிடைப்பதில்லை. லேத் பட்டறையில் செய்து போடலாமா?

பதில்: முதலில் அதே காலிப்பர் வேறு மாடலில் வந்திருக்கிறதா என்று உதிரிபாகக் கடையில் விசாரியுங்கள். பல வண்டிகளுக்கு ஒரே காலிப்பர் தயாரிப்பாளர்தான். பிஸ்டனும் சீலும் பொருந்த வாய்ப்பு உண்டு. லேத்தில் செய்வதானால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், பழைய பிஸ்டனின் தேயாத பகுதியை மைக்ரோமீட்டரில் அளந்து, கடைந்த பிறகு கிரைண்டிங் செய்து மெருகேற்ற வேண்டும். வெறும் கடைசல் வேலையின் வரிகள் சீலை அறுத்துவிடும். அந்த அளவு துல்லியம் இல்லாத பட்டறையில் செய்வதைவிட முழு காலிப்பர் வாங்குவதே பாதுகாப்பு.

கேள்வி: காயலான் கடையில் கிடைக்கும் பழைய காலிப்பரைப் போடலாமா?

பதில்: உடம்பை மட்டும் பயன்படுத்தலாம். பிரித்துப் பார்த்து, சீல் பள்ளம் அரிக்காமல், பின் துளைகள் ஆடாமல், நிப்பிள் மரை நன்றாக இருந்தால் வாங்குங்கள். சீல், பேடு, செம்பு வாஷர் புதிதாகத்தான் போட வேண்டும். 'அப்படியே மாட்டி ஓட்டலாம்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கேள்வி: நிப்பிள் துருவேறிச் சுற்றவே மறுக்கிறது. என்ன செய்வது?

பதில்: வலுக்கட்டாயமாகத் திருகினால் முறிந்துவிடும். துரு நீக்கும் ஸ்பிரேவை டிஸ்க்கிலும் பேடிலும் படாமல் அடித்து, ஓர் இரவு விடுங்கள். மறுநாள் ஆறுமுனை பாக்ஸ் ஸ்பேனரால், முதலில் லேசாக இறுக்கும் பக்கம், பிறகு தளர்த்தும் பக்கம் என்று மாற்றி மாற்றி அசைக்க வேண்டும். வேலை முடிந்ததும் நிப்பிளுக்கு ரப்பர் மூடி போடுங்கள்.

கேள்வி: என் வண்டியில் ஏ.பி.எஸ். இருக்கிறது. வீட்டில் ஏர் எடுக்கலாமா?

பதில்: பேடு மாற்றுவது, பின்களுக்கு கிரீஸ் வைப்பது போன்றவற்றைச் செய்யலாம். ஆயில் முழுதாக வடிந்து ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால், அதற்கான கருவி உள்ள சர்வீஸ் சென்டரில்தான் சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: எங்கள் வண்டியில் பின்னால் டிரம்தான். எதைக் கவனிக்கணும்?

பதில்: பிரேக் ஷூ தேய்மானத்தைக் காட்டும் அம்புக்குறி பின் தட்டில் இருக்கும். பெடலை மிதிக்கும்போது அது எல்லைக்கோட்டைத் தொட்டால் ஷூவை மாற்றுங்கள். சேற்றில் இறங்கிய வண்டியில் கேம் தண்டு இறுகும். ஆண்டுக்கொருமுறை கழற்றி, துடைத்து, மிகக் கொஞ்சம் கிரீஸ் வையுங்கள். கிரீஸ் ஷூமேல் படக் கூடாது.

எப்போது செய்வது?

உழவு வேலைக்கு நாள் பார்ப்பதுபோல இதற்கும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். புரட்டாசிக் கடைசியில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், பேடு தடிமனும் பின்களின் ரப்பர் உறையும் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில், தண்ணீர் தேங்கிய சாலையைக் கடந்ததும் பெடலை இரண்டு முறை லேசாக மிதித்து டிஸ்க்கை உலர்த்த வேண்டும். தை அறுவடைக்கு முன், காலிப்பரை ஒருமுறை இறக்கிச் சேற்றைக் கழுவி, பின்களுக்குப் புது கிரீஸ் வைக்க வேண்டும். உப்புத் தண்ணீர் பட்ட அன்றே நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும்.

கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் பேருந்துகள், கரும்பு டிராக்டர்கள், சாலையில் காயும் நெல், குறுக்கே ஓடும் ஆடுகள் எல்லாம் உண்டு. நாளைக் காலை வண்டியைக் கிளப்பும் முன், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தை ஒருமுறை கையால் சுற்றிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான்.